ஃபைபர் மாட்யூல் வாங்கும் முன்

இரண்டு நெட்வொர்க் ஸ்விட்சை ஃபைபரில் இணைக்கப் போகிறீர்களா? மாட்யூலை (மின் சிக்னலை வெளிச்சமாக மாற்றி அனுப்ப ஸ்விட்ச் போர்ட்டில் செருகும் சிறு கருவி) தேடும் முன் கேபிளைப் பாருங்கள். சிங்கிள் மோடா (மெல்லிய மையம், நீண்ட தூரத்துக்கு), மல்டி மோடா (தடித்த மையம், குறுகிய தூரத்துக்கு) என்பதுதான் பாதி முடிவு. 10ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) வேகத்துக்கு, ஓஎம்3 என்ற மல்டி மோடு கேபிள் வகையில் 300 மீட்டர் வரை எஸ்ஆர் (குறுந்தூர) மாட்யூல் போதும். சிங்கிள் மோடு என்றால் எல்ஆர் (நெடுந்தூர) மாட்யூல், அது 10 கிலோமீட்டர் வரை போகும். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து அறைக்கு 40 கிலோமீட்டர் இஆர் மாட்யூலைப் போடாதீர்கள், அட்டென்யுவேட்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் சிறு துண்டு) இல்லாமல் அவ்வளவு வெளிச்சத்தை நேராக வாங்கினால் எதிர்முனை ரிசீவர் பழுதாகிவிடக்கூடும்.

இரு முனையிலும் ஒரே பிராண்ட் தேவையில்லை, வேகமும் அலைநீளமும் பொருந்தினால் சரி. ஆனால் ஒவ்வொரு மாட்யூலையும் அது செருகப்படும் ஸ்விட்ச் ஏற்க வேண்டும். சில ஸ்விட்சுகள் வேறு நிறுவன மாட்யூலைக் கண்டாலே போர்ட்டை முடக்கிவிடும் (இது தொழில்நுட்பத் தேவையைவிட வியாபாரம்தான் என்பது என் எண்ணம்). அதனால் வாங்கும்போதே ஸ்விட்ச் மாடலைச் சொல்லி, அதற்கேற்ற கோடிங் (மாட்யூலின் நினைவகத்தில் எழுதப்படும் அடையாளத் தகவல்) கேளுங்கள்.

அப்புறம், ஒற்றை இழையிலேயே இரு திசையிலும் ஓடும் பைடி வகை என்றால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரு முனை 1270 நானோமீட்டரில் அனுப்பினால் மறுமுனை 1330-இல் அனுப்பும். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் லிங்க் வராது.