மலையில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்களுக்கு

சென்னையில் குழாயில் வரவில்லையென்றால் லாரி, லாரியும் வரவில்லையென்றால் கேன், எப்படியும் சாயங்காலத்துக்குள் தண்ணீர் வந்துவிடும். அதே தைரியத்தோடு ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள்தான் பாதி வழியில் நாக்கு வறண்டு உட்கார்கிறார்கள்.

முதல் தவறு, யாரோ டிசம்பரில் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு ஏப்ரலில் கிளம்புவது. சென்னைக்கு அருகே ஆந்திரப் பக்கம் இருக்கும் நாகலாபுரம், தடா மலை ஓடைகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய ஆதாரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்ததை வைத்துத்தான் ஓட வேண்டும். கோடை முற்றிவிட்டால் நீங்கள் போட்டோவில் பார்த்த குளம் பாசி படிந்த குட்டையாகக் கிடக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கணக்கு வேறு, அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. மேப்பில் ஓடைக்குக் கோடு போட்டிருக்கிறதே என்பார்கள். சரி, கோடு இருந்தால் பள்ளம் இருக்கிறது, அவ்வளவுதான். ஜவ்வாது மலை மாதிரி இடத்தில் மாடு மேய்க்கிறவரிடம் “அண்ணே, மேல எந்தச் சுனையில இப்ப தண்ணி இருக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எந்த ஆப்பையும்விட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

அப்புறம், தெளிவாக இருக்கிறது, ஓடுகிற தண்ணீர்தானே என்று அப்படியே குடிப்பது. நூறடி மேலே ஒரு மாடு செத்துக் கிடந்தாலும் கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். துணியில் வடிகட்டினால் மண்ணும் இலையும் போகும், கிருமி போகாது. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம். குளோரின் மாத்திரை போடுகிறவர்களுக்கு அரை மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இருப்பதில்லை. கலங்கல் தண்ணீரில் அப்படியே போட்டால் அது சரியாக வேலையும் செய்யாது. முதலில் தெளிய வைத்து, வடிகட்டி, பிறகு போடுங்கள். அப்போதும் சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு அசையாது, அதனால் அடுப்பு இருந்தால் கொதிக்க வைப்பதுதான் என் கட்சி.

யானை நடமாடும் காட்டில் பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்குப் போகாதீர்கள், அது அவை தண்ணீர் குடிக்க வருகிற நேரம். வறண்ட ஓடை மணலில் கூடாரம் போடவும் கூடாது, மேலே எங்கோ பெய்த மழை சொல்லாமல் வந்து சேரும்.

லிட்டருக்கு ஒரு கிலோ கனம் என்பதால் பாட்டிலைக் காலியாக வைத்துக்கொண்டு நடப்பவர்களும் உண்டு. தண்ணீர் கிடைத்த இடத்திலேயே சுத்தம் செய்து வயிறு நிறையக் குடித்துவிட்டு, பிறகு எல்லா பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த சுனை வற்றியிருந்தால் இங்கேயே திரும்பி வரும் அளவுக்காவது கையில் இருக்க வேண்டும்.