திட்டுவதற்கு முன் சம்பளத் தேதியைப் பாருங்கள்

சின்னதாகப் பட்டறை நடத்துகிறவர்களிடம் பேசிப் பாருங்கள், கூலி ஆட்களைப் பற்றி முதலில் வருவது "அவங்களுக்கு அக்கறையே இல்லைங்க" என்பதுதான். முதல் தவறு இதுதான்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன் ஒரு தடவை, பணம் கைக்கு வந்த பிறகு ஒரு தடவை ஆய்வாளர்கள் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. அதே ஆள்தான், ஆனால் கையில் காசில்லாமல் நகையை அடகு வைக்கும் மாதங்களில் மதிப்பெண் குறைந்தது, பணம் வந்த பிறகு ஏறியது. மூளையின் ஒரு பங்கைக் கடன் தின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, ஆள் பாதியில் நின்றுவிடுவான் என்று பயந்து கூலியைக் கடைசிவரை பிடித்து வைப்பது. ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கிற வேலையில் சிலருக்கு மட்டும் அதுவரை சேர்ந்த கூலியை நடுவிலேயே கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு எல்லாம் கடைசியில். மொத்தத் தொகை ஒன்றுதான். முன்னாடி வாங்கியவர்கள் கடனை அடைத்தார்கள், வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள், மறுநாளிலிருந்து அதிகத் தட்டு தைத்தார்கள். தட்டைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்ததாம்: ஒரே இடத்தில் இரண்டு ஓட்டை, தேவையில்லாத தையல், கூடுதல் இலை, இதெல்லாம் குறைந்திருந்தது. "கவனமா செய்" என்று நாள் முழுக்கக் கத்தினாலும் இது நடந்திருக்குமா?

உடனே முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். செய்து முடித்த வேலைக்குக் கூலியைச் சீக்கிரம் கொடுப்பது வேறு, செங்கல் சூளையில் செய்வதுபோல முன்பணத்தைக் காட்டிக் குடும்பத்தையே கட்டிப்போடுவது வேறு. இரண்டாவதற்குக் கொத்தடிமை என்று பெயர், 1976-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. குறைந்தபட்சக் கூலியே தராத இடமென்றால் உளவியலெல்லாம் அப்புறம், முதலில் அதைக் கொடுங்கள்.

தூக்கத்திலும் இப்படித்தான் ஏமாறுகிறோம். சென்னையில் தரவுப் பதிவு செய்பவர்களுக்குக் கண்மூடித் துணி, காதடைப்பான் எல்லாம் கொடுத்ததில் ராத்திரித் தூக்கம் அரை மணி கிட்டக் கூடியது, வேலையில் மாற்றமில்லை. வேலையிடத்தில் மதியம் போட்ட அரைமணிக் குட்டித் தூக்கம்தான் வேலைத்திறனைக் கூட்டியது. ஆனால் அந்த அரைமணிக்குக் கூலியைப் பிடித்தால் ஆள் தூங்க மாட்டார், சரிதானே?

சுயதொழில் பயிற்சி என்றதும் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்து அனுப்புவது இன்னொரு பழக்கம். டோகோ நாட்டில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். பயிற்சியே இல்லாத குழுவோடு ஒப்பிட்டால், வழக்கமான வியாபாரப் பயிற்சியால் லாபம் 11 சதவீதம் கூடியதுபோலத் தெரிந்தது, அதுவும் உறுதியில்லை. பக்கத்துக் கடையைக் காப்பியடிக்காமல் வேறு என்ன விற்கலாம், இடைஞ்சல் வருமுன்பே என்ன செய்து வைக்கலாம் என்று யோசிக்கப் பழக்கிய உளவியல் பயிற்சியில் 30 சதவீதம்.