ஒன்பதாம் வகுப்புக்கு அரை நிமிஷக் கதை சொல்லித்தர்றது எப்படி (நீதி இல்லாம)

நான் தமிழ் வாத்தியார். பசங்கள குட்டிக்கதை எழுத வைக்கணும்னு ரெண்டு வருஷமா முட்டி மோதி, இந்த வருஷம்தான் ஒரு வழி பிடிபட்டுச்சு. ரெண்டு பீரியட் போதும், ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல வைக்காதீங்க.

ஸ்டெப் 1. தலைப்பு தராதீங்க, பொருள் தாங்க. "தாய்ப்பாசம்"னு போர்டுல எழுதினா நாப்பது பேரும் ஒரே கதையத்தான் எழுதுவான், அம்மா செத்துருவாங்க. அதுக்குப் பதிலா "உங்க வீட்ல யாரும் பயன்படுத்தாத, ஆனா தூக்கிப் போடாத ஒரு சாமான் சொல்லு"ன்னு கேளுங்க. ஓடாத கடிகாரம், தாத்தாவோட ஊன்றுகோல், ஒத்தக் கொலுசுன்னு வந்து விழும். அதுலருந்து ஒண்ண எடுத்து எழுதச் சொல்லுங்க.

ஸ்டெப் 2. பேனாதான், பென்சில் கூடாது. பென்சில்னா அழிச்சிடுவாங்க, எதை வெட்டினோம்னே தெரியாமப் போயிடும், நமக்கு அந்த அடிச்ச கோடுதான் பாடம். சார்ட் பேப்பர், கலர் ஸ்கெட்ச்லாம் வேண்டவே வேண்டாம், பார்டர் போடவே பீரியட் முடிஞ்சிரும். ரஃப் நோட்டு போதும்.

ஸ்டெப் 3. அளவு. நான் கவுந்தது இங்கதான். 1987-ல கலிஃபோர்னியாவுல ஒரு வாரப் பத்திரிகை 55 வார்த்தைக் கதைப் போட்டி வச்சாங்க, அதப் பாத்து நானும் 55 வார்த்தைன்னு சொல்லிட்டேன். தமிழ்ல இந்தக் கணக்கு ஒத்துவராதுங்க. "போய்க்கொண்டிருந்தபோது" நமக்கு ஒரே வார்த்தை, இங்கிலீஷ்ல அதுக்கு மூணு நாலு வேணும். பயலுக இத மோப்பம் புடிச்சு "வந்துகொண்டிருந்தவனைப்பார்த்துச்சிரித்தபடி"ன்னு ஒரு சரக்கு ரயிலையே ஓட்டிட்டாங்க, கேட்டா "ஐயா, இது ஒரு வார்த்தைதான், புணர்ச்சி நீங்கதான நடத்துனீங்க"ங்கிறான்! என்ன பதில் சொல்றது? சரி, எட்டு வரின்னு மாத்தினேன், எழுத்து எறும்பு சைஸுக்கு வந்துருச்சு. கடைசியில நிலைச்சது இதுதான்: பக்கத்துல இருக்கறவன் சாதாரண வேகத்துல வாய்விட்டுப் படிச்சா அரை நிமிஷத்துல முடியணும். எழுதினவன் படிக்கக்கூடாது, அவன் ஓட்டிருவான். சங்கிலி போட்ட வார்த்தையில படிக்கிறவன் நாக்கு சுளுக்கிக்கும், அதனால அந்தத் தில்லுமுல்லும் தானா நின்னுபோச்சு.

ஸ்டெப் 4. வெட்டு. இது மறுநாள் பீரியட்ல. முதல் ரெண்டு வரியும் கடைசி ரெண்டு வரியும் கையால மறைச்சுட்டுப் படிக்கச் சொல்லுங்க. முக்காவாசிக் கதை அப்பவும் நிக்கும், ஏன்னா முதல்ல இருக்கறது "ஒரு ஊரில்", கடைசியில இருக்கறது நீதி. சின்ன வயசுலருந்து கதைன்னா நீதியோடதான் கேட்டு வளந்திருக்காங்க, பாவம்.

ஒரு பொண்ணு எழுதினது (கேட்டுட்டுத்தான் போடறேன்). வெட்டினப்புறம்:

"புது வீட்டில் சாமான் இறக்கும் முன்பே அம்மா, அப்பாவின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். கீழ்வீட்டு ஆச்சி கேட்டார்.
'வீட்டுக்காரர் எங்கம்மா?'
'வேலைக்குப் போயிருக்கார்.'
'செருப்புப் போடாமலா?'"

இதுக்கு மேல முதல்ல மூணு வரி இருந்துச்சு: அப்பா இறந்து எத்தனை வருஷம், அம்மா கண்ணுல தண்ணி, "பெண்கள் தைரியமாக இருக்க வேண்டும்". அடிச்சதும் வகுப்பே ரெண்டாப் பிரிஞ்சு கத்துது, அப்பா செத்துட்டாருன்னு பாதி, ஓடிட்டாருன்னு பாதி. அந்தப் பொண்ணு "எனக்குத் தெரியும் ஐயா, சொல்லமாட்டேன்"னு உக்காந்துருச்சு.

ஆனா என் தப்பையும் சொல்லிடறேன். வெட்டற ஜோருல "புது வீட்டில் சாமான் இறக்கும் முன்பே"ங்கறதையும் அடிக்கச் சொல்லிட்டேன். அப்புறம் படிச்சா ஒருத்தனுக்கும் புரியல, ஆச்சிக்கு ஏன் இந்த விஷயம் தெரியாதுன்னு கேக்கறான். புதுசாக் குடிவந்தாதான அந்தக் கேள்வியே வரும். திரும்பச் சேத்தோம். அதனால ஒவ்வொரு வெட்டுக்கப்புறமும் பக்கத்து பெஞ்சுல குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. "முழிக்கிறானா, யோசிக்கிறானா?" முழிச்சா ஒரு வரி குறையுது. யோசிச்சா விட்ருங்க.

ஸ்டெப் 5. ரெண்டு தடை மட்டும் போடுங்க: "எல்லாம் கனவு" கூடாது, கடைசி வரில யாரும் பேயாக் கூடாது. குமுதம் ஒரு பக்கக் கதை படிச்சு வளந்த நமக்குக் கடைசி வரித் திருப்பம் ரத்தத்துலயே ஊறிப்போனது, அத நான் குறை சொல்லல, ஆனா பசங்க திருப்பத்த மட்டும் யோசிச்சுட்டு அதுக்கு முன்னாடி சும்மா இட்டு நிரப்பறாங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு டீச்சர் கேட்டாங்க, பிள்ளைங்க சொந்த வீட்டுக் கஷ்டத்த எழுதிட்டா என்ன பண்றதுன்னு. நல்ல கேள்வி, நான் மொதல்ல யோசிக்கவே இல்ல. இப்ப தாளோட மூலைல "ப"ன்னு போட்டா யாரும் படிக்கமாட்டோம், நான் மட்டும் பாப்பேன்னு வச்சிருக்கேன், பெஞ்சுக்கும் போகாது. பாத்துட்டு, ஏதாவது கவலைப்படற மாதிரி இருந்தா தனியாக் கூப்ட்டுப் பேசுங்க, அங்க வாக்கியம் சரியில்லன்னு ஆரம்பிக்காதீங்க.

அப்டேட் 2: பேச்சுத்தமிழ்ல எழுதலாமான்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. வசனத்துல தாராளமா. பத்தாவது பரீட்சைல "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" வரும்போது மட்டும் இந்த வேலையக் காட்டவேண்டாம்னு சொல்லி வைங்க. அப்புறம், அந்த ரெண்டு நாளும் சந்திப்பிழைக்குச் சிவப்பு மை எடுக்காதீங்க. எனக்கும் கை அரிக்கத்தான் செய்யுது.