மலை வீட்டுக்கு விறகடுப்பு அமைக்கும் முறை

சென்னையில் வசித்துக்கொண்டு உதகையிலோ கொடைக்கானலிலோ வீடு வைத்திருப்பவர்கள், குளிருக்காக விறகடுப்பு அமைக்க எண்ணினால், அடுப்பின் அழகைப் பார்ப்பதற்கு முன் விறகையும் புகைபோக்கியையும் பற்றி யோசிக்க வேண்டும். சுவரில் பதித்த திறந்த கணப்பு கண்ணுக்கு இதமானது; ஆனால் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதமே அறையில் தங்கும், மீதி புகையோடு வெளியேறிவிடும். கதவு வைத்த வார்ப்பிரும்பு அடுப்பில் 70 சதவீதம் வரை கிடைக்கும். நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4 யூனிட் ஆற்றல் இருப்பதால், அத்தகைய அடுப்பில் அதை எரிப்பது 2,000 வாட் மின்சார ஹீட்டரைச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடவிடுவதற்குச் சமம்.

இந்தக் கணக்கு உலர்ந்த விறகுக்கு மட்டுமே பொருந்தும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை நீராக இருக்கக்கூடும். அந்த நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகி, புகை குளிர்ந்து, தார் போன்ற கரிப்படிவு புகைபோக்கியின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் அது தீப்பற்றினால் கூரையே எரியலாம். ஆகவே ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகையே எரிக்க வேண்டும். சென்னை விறகுத் தொட்டியில் காய்ந்த சவுக்கை வாங்கிப் பழகியவர்கள், மலையில் கிடைக்கும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) அதே நம்பிக்கையோடு வாங்கிவிடக் கூடாது. மழை ஓய்ந்த தை, மாசியில் வாங்கி, பிளந்து, தரையில் படாமல் கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களில் காற்றோட விட்டால், பெரும்பாலும் அடுத்த குளிர்காலத்துக்குத் தயாராகும். ஒரே துண்டை மாதந்தோறும் எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்றால், காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சொந்தத் தோட்டத்து மரமென்றாலும், அனுமதி தேவையா என்று விசாரிக்காமல் வெட்ட வேண்டாம். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955 முதலே தனிச் சட்டம் இருக்கிறது.

புகைபோக்கி, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும் விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். மரச்சுவர், திரைச்சீலை போன்றவற்றிலிருந்து அடுப்பு 3 அடியாவது விலகியிருக்கட்டும்.

பல மாதங்கள் பூட்டிக் கிடந்த வீட்டில் பறவைகள் புகைபோக்கிக்குள் கூடு கட்டியிருக்கலாம். எனவே ஆண்டுக்கு ஒருமுறை தூரிகை விட்டுச் சுத்தம் செய்ததோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பயணத்திலும் முதலில் சிறு தீ மூட்டி, புகை மேலே ஏறுகிறதா என்று பார்த்த பிறகே பெரிய கட்டைகளை இடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. படுக்கையறைக்கு அருகே அதைக் கண்டறியும் அலாரம் கட்டாயம் வேண்டும். மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்குவது உயிரைப் பறிக்கும், அதை எந்தக் குளிரிலும் செய்யாதீர்கள்.

சாம்பலுக்குள் கங்கு சில நாட்கள் வரை உயிரோடிருக்கும். ஊர் திரும்பும் நாளில் அதைப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டாமல், மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே வெறுந்தரையில் வையுங்கள்.