பால்வாடி கேட்டு மனு எழுதுவது எப்படி: கிராம சபையிலிருந்து கோட்டை வரை

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடு குறைவு. மடியில் சுளகு, சுளகில் புகையிலைத் தூளும் வெட்டிய இலையும், பக்கத்தில் பாயிலேயே பிள்ளை. ஒருநாள் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று தூளை அள்ளிக் கண்ணில் தேய்த்துக்கொண்டு அலறியது. அப்போதுதான் எங்கள் குடியிருப்புக்கென்று ஒரு பால்வாடி கேட்டே தீருவது என்று இறங்கினோம். இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. முதல் முயற்சி எங்கே தடுக்கி விழுந்தது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

1. உரிமையை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்

உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் மக்கள் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். தேதியோடு இதை எழுதுங்கள். ‘கருணை கூர்ந்து’ என்று தொடங்க வேண்டாம்.

2. பிள்ளைகளை எண்ணுவது

நாங்கள் சறுக்கியது இங்கேதான். ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து எண்ணினோம், 31 வந்தது. கைக்குழந்தையின் பெயரைக் கார்டில் சேர்க்காத வீடுகள் அத்தனை இருக்கும் என்று தோன்றவே இல்லை. பிறகு கிராம சுகாதார செவிலியர் கொடுத்த தடுப்பூசி அட்டையை வீடு வீடாகக் கேட்டு வாங்கினோம். 43 ஆனது.

சரி, முடிந்தது என்று மனுவைக் கொடுத்தோம். அது மேசை மேசையாக நகர்வதற்குள் நான்கு பிள்ளைகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. ‘39 பேர்தானே இருக்கிறார்கள்’ என்று திருப்பிவிட்டார்கள். அதற்குள் பிறந்த குழந்தைகளை யாரும் எண்ணவில்லை. அதனால் பட்டியலில் பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, ஆறு வயது முடியும் தேதி என்று நான்கு கட்டம் போடுங்கள். கர்ப்பிணிகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அங்கன்வாடி அவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உரியது. மாதம் ஒருமுறை பட்டியலைப் புதுப்பித்து, தேதி போட்டுக் கூடுதல் பக்கமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

செல்போனில் பட்டியல் போடலாமே என்பார்கள். கோடு போட்ட பெரிய நோட்டுதான் நல்லது என்பேன். திண்ணையில் விரித்து வைத்தால் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். ‘எம் பிள்ளை பேரு விட்டுப்போச்சே’ என்று அங்கேயே சொல்வார்கள். எங்களுக்கு மூன்று பெயர் அப்படித்தான் கிடைத்தது.

3. கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளில் எது முதலில் வருகிறதோ அதில் தாய்மார்களோடு போங்கள். கோரிக்கையைத் தீர்மானமாக நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே கூடாது. நகல் தர இழுத்தடித்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

4. கொக்கிரகுளம்

எங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பது இங்கேதான். திங்கள்கிழமை அங்கே நடக்கும் குறைதீர்க்கும் நாளில் தீர்மான நகல், பட்டியல், மனு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். மனு எண்ணை வாங்காமல் நகர வேண்டாம். வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

5. கோட்டை

எங்களுக்கு ஒரு வாடகை வீட்டில் மையம் வந்தது. ஆனால் அது மாலைக்கு முன்பே மூடிவிடும். சுற்றிய பீடியைக் கட்டிக் கம்பெனியில் கொடுக்கப் போகும் நேரத்தில் பிள்ளை மறுபடியும் சுளகுப் பக்கம்தான். இதை மாற்றும் அதிகாரம் மாவட்டத்தில் இல்லை, அரசின் கொள்கைதான் மாற வேண்டும். அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைகள் காப்பகத்துக்கு ‘பால்னா’ என்ற மத்திய திட்டம் இருக்கிறது. பீடித் தொழில் நடக்கும் ஊர்களுக்கு அதை முதலில் கொண்டுவாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஆண்டுதோறும் துறைக்கான நிதியைக் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது சமூக நலத்துறை சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். சென்ற ஆண்டுக் குறிப்பில் காப்பகங்கள் பற்றி என்ன சொன்னார்கள் என்று படித்துவிட்டு, பட்ஜெட் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே எம்எல்ஏவைப் பாருங்கள். மனு ஒரே பக்கம் இருந்தால் போதும். அதன் கடைசி வரியாக, அவர் சபையில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழுவும் உண்டு, அதற்கும் ஒன்று அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: மேலப்பாளையத்திலிருந்து ஒரு அக்கா, ‘எங்களுக்குக் கிராம சபையே இல்லையே’ என்று கேட்டிருந்தார். மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. வார்டு கவுன்சிலரிடம் கூட்டத் தேதியைக் கேட்டு, இதே பட்டியலோடு போங்கள். 40 என்ற கணக்கு குடிசைப் பகுதிகளுக்கும் பொருந்தும்.