நல்ல பலகை தரும் மரத்தை வளர்ப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் உள்ள எங்கள் தச்சுப் பட்டறைக்கு வரும் ரப்பர் மரப் பலகைகளில் சிலவற்றை இழைக்கும்போது, இழைப்பு இயந்திரத்தின் கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும், பலகையின் ஒரு பகுதி மட்டும் வழவழப்பாக வராமல் மயிர்மயிராக எழுந்து நிற்கும். விரலால் தடவினால் துவைத்துக் காய்ந்த பழைய துண்டைத் தொட்டதுபோல் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் அந்த இழைகள் படுத்துக்கொள்ளுமே தவிர அறுபடுவதில்லை. சாயம் பூசினால் அந்த இடம் மட்டும் அதிகமாக உறிஞ்சித் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கத்தி மழுங்கிவிட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் அந்தக் குறை பல ஆண்டுகளுக்கு முன்பே, மரம் ஏதோ ஒரு சரிவில் சாய்ந்து நின்றபோதே அதற்குள் வந்துவிட்டது.

செபராங் பிறையிலும் தெற்குக் கெடாவிலும் பெற்றோர் விட்டுச்சென்ற இரண்டு மூன்று ஏக்கர் ரப்பர் நிலத்தை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர், பால் வெட்ட ஆள் கிடைக்காததால் பலகை மரம் நடலாமா என்று யோசிக்கிறார்கள். எந்த மரம் சீக்கிரம் பருக்கும் என்பதுதான் அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. பருமனைவிட முக்கியமானது வளர்ச்சி சீராக இருப்பதும் தண்டு நேராக நிற்பதும்தான் என்பதே என் பதில். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் மரத்தின் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டின் நட்டநடுவில் உள்ள மென்மையான பகுதியான சோற்றைச் சுற்றி, மரத்தின் இளமையில் உருவாகும் கட்டை, பிற்காலத்தில் உருவாகும் கட்டையைப் போன்றதன்று. அதன் நார்கள் குட்டையானவை. நாரின் சுவரில் சுருளாகச் சுற்றியிருக்கும் நுண்ணிழைகள் நெட்டாக ஓடாமல் அதிகமாகச் சாய்ந்திருக்கும். முதிர்ந்த கட்டை காயும்போது அகலத்தில் சுருங்குமே தவிர நீளத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. இளங்கட்டையோ நுண்ணிழைகளின் சாய்வு காரணமாக நீளத்திலும் சுருங்கும். ஒரே பலகையின் ஒரு விளிம்பில் இளங்கட்டையும் மறு விளிம்பில் முதிர்ந்த கட்டையும் இருந்தால், காய்ந்தபின் அது வில்லாக வளையும். இனத்தைப் பொறுத்து இந்த இளமைக் காலம் பத்து, இருபது ஆண்டுகள்வரை நீளும். ஆகவே அதிக உரமும் அதிக இடைவெளியும் கொடுத்து மரத்தை முதல் சில ஆண்டுகளிலேயே பருக்க வைத்தால், தண்டின் பெரும்பகுதி இந்த இளங்கட்டையாகவே அமைந்துவிடும். அப்படிப்பட்ட மரத்தைப் பன்னிரண்டாம் ஆண்டில் வெட்டினால் பார்வைக்குப் பருமனாக இருக்கும். உள்ளே வைரம் எனப்படும் கெட்டியான உள்கட்டை குறைவாகவும், வெளிறு எனப்படும் வெளிப்புற இளங்கட்டை அதிகமாகவும் இருக்கும்.

வேகமாக வளர்ந்த மரம் எல்லாமே இலேசாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வது சரியன்று. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் பலவற்றில் வேகம் கூடினால் அடர்த்தி குறைவது உண்மை. தேக்கு போல, ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் நீர் கடத்தும் பெரிய துளைகள் வரிசையாக அமையும் மரங்களில், அகலமான வளையத்தில் கெட்டியான பகுதியும் கூடுவதால், ஓரளவு வேகம் கெடுதல் செய்வதில்லை. ரப்பர் மரத்தைப் போலத் துளைகள் வளையமெங்கும் பரவியுள்ள மரங்களில் வேகத்துக்கும் அடர்த்திக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை. அடர்த்தியைப் பெரிதும் முடிவுசெய்வது மரத்தின் இனமே: காய்ந்த ரப்பர் கட்டை கன மீட்டருக்குச் சுமார் 560 முதல் 640 கிலோ இருக்கும், பத்தாய் (batai) என்னும் இலேசான மரம் எந்த மண்ணில் வளர்ந்தாலும் ஏறக்குறைய அதில் பாதி எடைதான்.

நிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மழை, வடிகால் இரண்டையும் பாருங்கள். தேக்கு ஆண்டுதோறும் மூன்று முதல் ஐந்து மாதம்வரை ஈரம் குறைந்த பருவத்தைக் கேட்கும் மரம். அந்தப் பருவத்தில் அது இலையுதிர்த்து ஓய்வெடுப்பதால்தான் அதன் வளையங்கள் தெளிவாக விழுகின்றன. பெர்லிஸிலும் வட கெடாவிலும் அது நன்றாக வருவதற்கு இதுவே காரணம். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்தாலும் அந்த ஓய்வு தேக்குக்குப் போதுமானதன்று. கோலாலம்பூர் பக்கம் அந்த அளவுகூடக் கிடைப்பதில்லை. இங்கே தேக்கு வளராமல் போகாது, ஆனால் வரிகள் மங்கலாகவும் தண்டில் பக்கத் தளிர்கள் அதிகமாகவும் வரும். மேலும், வேர் நீரில் நிற்பதைத் தேக்கு பொறுக்காது. சுண்ணாம்புச் சத்துள்ள, ஆழமான, நீர் வடியும் மண் இல்லையென்றால் வேறு மரத்தை நாடுவதே நல்லது. கரிமண் சதுப்பில் எந்தப் பலகை மரத்தையும் நட நான் சொல்லமாட்டேன். மண் அமுங்க அமுங்க மரம் சாயும், சாய்ந்த மரம் நல்ல பலகை தராது.

அந்தச் சாய்வைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். இலையகன்ற மரம் சாயும்போது, தன்னை மீண்டும் நிமிர்த்திக்கொள்ள, சாய்வின் மேற்பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் தனிவகைக் கட்டையை உருவாக்குகிறது. அதன் நார்களுக்குள்ளே கூழ்போன்ற ஒரு படலம் நிறைந்திருக்கும். இழைக்கும்போது பஞ்சாக எழுவது இதுவே. ரப்பர் மரத்தில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும். இந்தக் கட்டை உள்ள தண்டில் இழுவிசை தேங்கி நிற்பதால், அறுக்கும் வாள் நடுவே போகும்போதே பலகைகள் இருபுறமும் விரிந்து வளைந்துவிடும். மரம் சாய்வதற்குச் சரிவான நிலம், ஒரே திசையில் வீசும் காற்று, ஒரு பக்கம் மட்டுமே கிடைக்கும் வெளிச்சம் என்று பல காரணங்கள் உண்டு. வயலோரத்திலும் சாலையோரத்திலும் நிற்கும் மரங்கள் திறந்த பக்கமே கிளைவிட்டு அந்தப் பக்கமே சாயும் என்பதால், ஓர வரிசை மரங்களைப் பலகைக்கென்று எண்ணாமல் காற்றுத் தடுப்பாகவே கணக்கில் வையுங்கள்.

சாய்வுக்குப் பலர் கவனிக்காத இன்னொரு காரணம் நாற்றுப் பை. என் தந்தையின் நிலத்தில் நாங்கள் நட்ட மகாகனிக் கன்றுகள் ஒரு நாற்றுப் பண்ணையில் அளவுக்கு மீறி நாளாகிவிட்டவை. ஆறு ஆண்டுகளில் அவற்றில் பாதி சாய்ந்தன. ஒன்றை வேரோடு பெயர்த்துப் பார்த்தபோது, ஆணிவேர் பையின் அடியில் முட்டி, பாய் சுருட்டியதுபோல் மூன்று சுற்றுச் சுற்றி, அதே நிலையிலேயே கையளவு பருத்துப் போயிருந்தது. ஆகவே கன்று வாங்கும்போது ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் சுருண்டிருந்தால், தழை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

நடும் இடைவெளியைப் பொறுத்தவரை, மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் என்றால் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 1,110 மரங்கள் வரும். தொடக்கத்தில் இந்த நெருக்கம் நல்லது. பக்கத்து மரத்தின் நிழலில் கீழ்க்கிளைகள் மெலிந்தே நிற்கும், தண்டும் நேராக மேலே போகும். ஆனால் கிளைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட பிறகும் அப்படியே விட்டால், வளர்ச்சி திடீரென ஒடுங்கி வளையங்கள் குறுகும். பல ஆண்டு கழித்து ஒரேயடியாகப் பாதி மரங்களை வெட்டினால் எஞ்சியவை மீண்டும் திடீரென அகல வளையம் போடும். இந்த ஏற்றத்தாழ்வுதான் பலகையைக் கெடுக்கிறது. காற்றுக்குப் பழகாத ஒல்லித் தண்டுகள் திறந்த வெளியில் ஆடிச் சாய்வதும் அப்போதுதான். சாய்ந்தவை, கவைத்தவை, நோயுற்றவை ஆகியவற்றை முதலில் எடுத்து, சில ஆண்டு இடைவெளியில் சிறிது சிறிதாகக் கலைத்துக்கொண்டே வாருங்கள்.

கிளை கழிப்பதில் காலந்தான் முக்கியம். உயிருள்ள கிளையைச் சுற்றித் தண்டு பருத்தால் பலகையில் இறுகிய கணு கிடைக்கும். செத்த கிளையைத் தண்டு மூடிக்கொண்டால் கணு கழன்று ஓட்டையாகும். தண்டு சுமார் பத்து சென்டிமீட்டர் விட்டம் அடையும்போதே கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டால், கணுக்கள் எல்லாம் நடுவில் உள்ள சிறு வட்டத்துக்குள் அடங்கி, அதற்கு வெளியே உருவாகும் கட்டை சுத்தமாக இருக்கும். கிளையின் அடியில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே, அதைக் காயப்படுத்தாமல், கூரான வாளால் வெட்ட வேண்டும். பாராங்கத்தியால் ஓங்கி வெட்டினால் பட்டை கீழ்வரை கிழியும். கட்டைவிரலைவிட மிகவும் தடித்த கிளையின் காயம் மூடுவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். இங்கே பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இதற்கு ஏற்ற நேரம்.

இதில் ஏமாந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1982இல் தொடங்கிய ஈட்டுக் காடு வளர்ப்புத் திட்டத்தில் பெருமளவில் நடப்பட்ட அக்காசியா மங்கியம் மரங்களில், செத்த கிளைத் துண்டுகள் வழியாகவும் கிளை கழித்த காயங்கள் வழியாகவும் பூஞ்சை புகுந்து உள்மரத்தை உளுக்கச் செய்ததால், 1992இல் அந்த நடவு நிறுத்தப்பட்டது. வெளியே பச்சைப்பசேலென்று நிற்கும் மரம் உள்ளே உளுத்திருப்பதைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும் நம் காற்றில் பூஞ்சைக்கு ஓய்வே இல்லை.

ரப்பர் மரம் வைத்திருப்போர் பால்வெட்டையும் கவனிக்க வேண்டும். கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டால், அந்த இடத்தில் முண்டு கட்டி நார் முறுக்கிக்கொள்ளும். தோட்டத்தில் பால் வெட்டிய என் அம்மா, மரத்தைக் காயப்படுத்தினால் பாலும் போகும் பட்டையும் போகும் என்பார். பலகையும் போகும் என்பதைப் பட்டறைக்கு வந்தபின் நான் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்குப் பிறகு வெட்டும்போது தாமதம் கூடவே கூடாது. அந்தக் கட்டையில் மாவுச்சத்து மிகுதி என்பதால், சில நாள் கிடந்தாலே நீலப் பூஞ்சை படரும், துளைக்கும் வண்டும் ஏறும். உடனே அறுத்து, போரான் மருந்து ஏற்றி உலர்த்துவதே வழக்கம்.

வெட்டிய மரத்தை விற்கவோ வாங்கவோ போகும்போது, அடிவெட்டு முகத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். சோறு நட்டநடுவில் இருந்தால் மரம் நேராக நின்றிருக்கிறது. ஒரு பக்கம் ஒதுங்கி, எதிர்ப்பக்கம் வளையங்கள் அகன்றிருந்தால் அது சாய்ந்து வளர்ந்த மரம். அந்த அகன்ற பக்கத்திலிருந்து வரும் பலகையை மேசைப் பலகைக்கு ஒதுக்காமல், குட்டைத் துண்டுகளாக வெட்டி உள்சட்டங்களுக்குப் பயன்படுத்துங்கள்.