சாசா குடும்பங்களுக்குச் சலுகை டிக்கெட்: எப்படிக் கேட்பது, எப்படிப் பிரிப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ்ப் பள்ளியோ கோயில் கமிட்டியோ பிள்ளைகளை எங்காவது சுற்றிக்காட்டக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பேச்செடுத்தால், பஸ் பேசுவதற்கு முன்பே டிக்கெட் சண்டை வந்துவிடும். யாருக்குப் பாதி விலை, யாருக்கு முழு விலை, யார் காசில் யார் போகிறார்கள் என்று. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கமிட்டியிலும் இது வருடா வருடம் வருகிறது. சாசா என்ற அமைப்பு வழங்கும் அரசு உதவித்தொகையில் வாழும் குடும்பங்களுக்குச் சலுகை கொடுப்பது நியாயம் என்பதுதான் என் கட்சி. ஆனால் சலுகையை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் நிறைய அநியாயம் நடக்கிறது. அதைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்பதை எங்களுக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

கூட்டத்தில் கட்டாயம் யாராவது எழுந்து, "நான் காலையிலிருந்து ராத்திரி வரை உழைக்கிறேன், முழு விலை கொடுக்கிறேன், அவர்களுக்கு மட்டும் ஏன் இலவசம்?" என்று கேட்பார். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் கேள்வி நியாயமானதுதான். பள்ளி விடுமுறை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எந்த மீன் காட்சியகமும் நிரம்பி வழிவதில்லை. காலியாகக் கிடக்கும் இடத்தில் இன்னும் நாற்பது பிள்ளைகள் நுழைந்தால் மீனுக்குப் போடும் தீனியும் கூடப் போவதில்லை, கரண்டு பில்லும் ஏறப் போவதில்லை. முழு விலை கொடுத்தவர் தலையில் அந்தச் செலவு விடிவதில்லை. அப்புறம், இந்த இடங்கள் யார் பணத்தில் நிற்கின்றன என்றும் பார்க்க வேண்டும். 2004இல் திறந்த உஷாகா மரீன் வேர்ல்ட் மீன் காட்சியகம் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியின் சொத்து, அதாவது ஊர்ப் பணம். "அவர்கள் வரியே கட்டுவதில்லை" என்று சொல்வார்கள். 2018 ஏப்ரலிலிருந்து வாட் வரி 15 சதவீதம். சாசா பணத்தில் சோப்பும் தேயிலையும் வாங்குகிற ஆயாவும் அதே 15 சதவீதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கடையை விட்டு வெளியே வருகிறார்.

இன்னொன்றையும் நம் கூட்டங்களில் நான் விடாமல் சொல்வேன். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த சட்டம் 1953இல் வந்தது, 1990இல்தான் நீக்கப்பட்டது. இன்று முதியோர் உதவித்தொகை வாங்கும் நம் பெரியவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது டர்பன் கடற்கரையில்கூட நினைத்த இடத்தில் கால் நனைக்க முடியாது. மகசின் பாராக்ஸ் என்ற குடியிருப்பில் இருந்த மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்களை அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து போட்டபோது பூங்காவும் காட்சியகமும் கூட வரவில்லை. அப்படி வளர்ந்தவர்கள் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து டிக்கெட் விலைப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

எதிர்ப்புகளில் ஒன்றுக்கு மட்டும் நானும் தலையாட்டுவேன். உதவித்தொகைக்கான வருமானக் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர்களின் குறை அது. குழந்தை உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால் தனியாக வளர்ப்பவரின் மாத வருமானம் அந்தத் தொகையைப்போல் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது, கணவன் மனைவி என்றால் அதற்கு இரட்டிப்பு. 2025 ஏப்ரலில் தொகை 560 ராண்ட் ஆனது. அந்தக் கணக்கில் தனி ஆளுக்கு 5,600, தம்பதிக்கு 11,200. அதன்படி மாதம் 11,300 ராண்ட் வாங்குகிற செக்யூரிட்டி வேலைக்காரருக்கு உதவித்தொகையும் கிடையாது, சலுகை டிக்கெட்டும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரைவிட அவர் கையில் ஒன்றும் பெரிதாக மிஞ்சிவிடாது. காட்சியகங்கள் சாசாவை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்த ஆள் எப்போதும் வெளியேதான் நிற்பார். அதனால் சலுகை எப்படி வந்தாலும் அதை உள்ளே பிரிக்கும் வேலையைக் கமிட்டியே எடுத்துக்கொள்வது நல்லது.

சரி, வேலைக்கு வருவோம். சலுகை கேட்கப் போகும் முன் காசே இல்லாமல் போகக்கூடிய இடங்களை முதலில் பார்த்து முடித்துவிடுங்கள். 1849இல் தொடங்கிய டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நகர மண்டபத்தில் இருக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும் அப்படியே. தேசியப் பூங்காக்களுக்கு 2006 முதல் வருடத்தில் ஒரு வாரம், வழக்கமாகச் செப்டம்பரில், தென்னாப்பிரிக்க ஐடி வைத்திருப்பவர்கள் பகல் நேரத்தில் இலவசமாகப் போகலாம். ஆனால் அது தேசியப் பூங்கா அமைப்பான சான்பார்க்ஸ் நடத்தும் பூங்காக்களுக்கு மட்டும்தான், நம் குவாசூலு நட்டால் மாகாணத்தில் அவர்களுக்குப் பூங்கா எதுவும் இல்லை. இங்குள்ள ஹ்லுஹ்லுவே வனவிலங்குப் பூங்கா மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோ கையில் இருக்கிறது. இலவசம் என்று கேள்விப்பட்டு அங்கே வண்டி கட்டிக்கொண்டு போய் ஏமாறாதீர்கள். கேப் டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் இசிகோ அருங்காட்சியகங்களின் இலவச நாட்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், செப்டம்பர் 24 மரபு தினம் அதில் ஒன்று.

கட்டணம் வாங்கும் இடத்துக்குக் கடிதம் எழுதும்போது மொட்டையாக "ஏழைக் குழந்தைகள், தயவு செய்யுங்கள்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பதிலும் தயவாகத்தான் வரும், அல்லது வராமலே போகும். குழு முன்பதிவு அலுவலகத்துக்கு, கமிட்டியின் லெட்டர்ஹெட்டில், லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்த எண்ணைப் போட்டு எழுதுங்கள். பிள்ளைகள் எத்தனை, பெரியவர்கள் எத்தனை, எந்த வயது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று எழுதுங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பாக இருந்தாலும் நீங்கள் ஒரு பள்ளிதான், பள்ளிக் கட்டணத்தைக் கேளுங்கள். வெளிநாட்டில் இது நடைமுறையில் இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்க்கலாம். அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் அரசின் உணவு உதவி அட்டையைக் காட்டினால் அருங்காட்சியகங்களில் ஆளுக்கு 3 டாலருக்கு மேல் வாங்குவதில்லை, பல இடங்களில் இலவசம். லண்டனில் கியூ தோட்டமும் லண்டன் டவரும் அரசு உதவி பெறுபவர்களுக்கு 1 பவுண்டு டிக்கெட் கொடுக்கின்றன. இதையெல்லாம் பார்க்கும் மேலாளருக்கு நீங்கள் கேட்பது புதுமையாகத் தோன்றாது.

கடிதத்தில் ஒரு விஷயத்தை அழுத்திக் கேளுங்கள்: "குடும்ப டிக்கெட்" வேண்டாம். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் கணக்கு. நம் வீடுகளில் உதவித்தொகையை வாங்கி வளர்ப்பது பல சமயம் ஆயாதான், ஒரு ஆயாவும் ஐந்து பேரப்பிள்ளைகளும். அந்தக் குடும்ப டிக்கெட்டில் அவர் ஒரு பெரியவர் டிக்கெட்டை வீணாக்கி, மூன்று பிள்ளைகளுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டி வரும். ஆள் கணக்கில் கேளுங்கள், அல்லது "கூட வரும் ஒரு பெரியவருக்கு ஐந்து பிள்ளைகள் வரை" என்று கேளுங்கள்.

இனி அத்தாட்சி. எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் இங்கேதான். ஒருமுறை ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், டிக்கெட் ஜன்னலில் இருந்தவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி "சாசா ஆட்கள் இந்தப் பக்கம்" என்று கத்தினார். எங்களோடு வந்த ஒரு ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த அட்டையை எடுத்தார். பின்னால் பேரனின் வகுப்புப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்ததும் மறுபடி முடிந்துகொண்டு, "தம்பி, நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளைகளை நீ கூட்டிக்கொண்டு போ" என்றார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் உள்ளே வரவில்லை.

ஆகவே அத்தாட்சியை வாசலுக்கே கொண்டுபோகாதீர்கள். "உதவித்தொகை பெறும் குடும்பங்கள் இத்தனை பேர் என்று கமிட்டி உறுதி அளிக்கிறது" என்று தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்ட ஒரே கடிதம் போதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் ஒவ்வொரு அட்டையாகப் பார்க்கும் வேலை மிச்சம். முடியாது, அத்தாட்சி பார்த்தே ஆக வேண்டும் என்றால் கமிட்டியில் ஒரே ஒருவர், வாய் இறுக்கமானவர், வீட்டிலோ வகுப்பு முடிந்த பிறகோ தனியாகப் பார்க்கட்டும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது, நகல் வாங்கக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியல் போடவே கூடாது. 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் கமிட்டிகளும் கடைப்பிடித்தாக வேண்டும்.

எதை அத்தாட்சியாக ஏற்பது? சாசா அட்டை மட்டும்தான் என்று சொல்லிவிடாதீர்கள். நிறையப் பேருக்குப் பணம் நேராகச் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது, அவர்களிடம் அந்த அட்டையே இருக்காது. வேலையில்லாதவர்களுக்கான 370 ராண்ட் உதவித்தொகை வாங்குபவர்களிடம் இருப்பது போனில் வந்த ஒரு எஸ்எம்எஸ். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பது கொடுமை, அதில் அவர்கள் எந்தக் கடையில் எவ்வளவு செலவழித்தார்கள் என்பது வரை இருக்கும். சாசா கொடுத்த ஒப்புதல் கடிதம், அந்த எஸ்எம்எஸ், பள்ளிக்கூடம் கொடுத்த கட்டண விலக்குக் கடிதம், இதில் எது இருந்தாலும் சரி என்று வையுங்கள். பள்ளிக் கட்டண விலக்கைச் சேர்த்துக்கொண்டால், உதவித்தொகைக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிற அந்தச் செக்யூரிட்டிக்காரர் குடும்பமும் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும்.

கிடைத்த சலுகையைப் பிரிக்கும் விதத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் படிவத்தில் மூன்று தொகைகள் இருக்கட்டும்: முழு விலை, பாதி, ஒன்றுமில்லை. பெற்றோர் ஒன்றில் குறியிட்டு, காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவரை ஒட்டித் திருப்பி அனுப்பட்டும். எல்லாக் கவரும் ஒரே மாதிரி, திறப்பவர் பொருளாளர் மட்டும். யாராவது பொய் சொல்லிப் பாதி விலையில் வந்துவிட்டால்? வரட்டும். ஒருவரைப் பிடிப்பதற்காக இருபது பேரைச் சோதனை போட வேண்டியதில்லை. எங்கள் அனுபவத்தில், வசதி இருந்தும் குறைத்துக் குறியிட்டதாகச் சந்தேகப்பட ஆள் யாருமில்லை, முடியாதவர்கள் வீம்புக்கு முழு விலையில் குறியிட்டுவிட்டுக் கடைசி நாளில் "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்வதுதான் அதிகம். அதனால் படிவம் கொடுத்த பிறகு தயங்குபவர்களிடம் அக்கா, அண்ணன் என்று உரிமையோடு பேசக்கூடிய ஒருவர் போய், "கமிட்டியில் பணம் இருக்கிறது, பிள்ளையை அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

டிக்கெட்டைக் குறைத்துவிட்டு மற்றதை மறந்தால் பயனில்லை. பல குடும்பங்களுக்கு மினிபஸ் டாக்ஸிக் கூலியே தடையாகிவிடுகிறது, ஆளுக்கு இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். ஒரே பஸ் பேசி கோயில் வாசலிலிருந்து எல்லாரையும் ஏற்றுங்கள். சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுவரலாமா என்று கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள், கூடாது என்றால் வெளியே உட்கார்ந்து சாப்பிட இடம் பார்த்து வையுங்கள். உள்ளே ஒரு பாக்கெட் சிப்ஸ் விற்கும் விலையில் வீட்டில் பிரியாணி போட்டுக் கொண்டுபோகலாம். எல்லாருக்கும் ஒரே சாப்பாடாக இருக்கட்டும்.

தேதியைப் பார்த்து வையுங்கள். உதவித்தொகை மாத முதல் வாரத்தில் வருகிறது, முதலில் முதியோருக்கு, அடுத்த நாள் ஊனமுற்றோருக்கு, அதற்கு அடுத்த நாள் குழந்தைகளுக்கு. பாதி விலை கொடுக்க நினைக்கிறவர் மாதக் கடைசியில் கொடுக்க முடியாது. கவர் திரும்பி வரவேண்டிய நாளை முதல் வாரம் முடிகிற சமயத்தில் வையுங்கள், சுற்றுலா இரண்டாம் வாரத்தில்.

அன்று வாசலில் எல்லா டிக்கெட்டையும் ஒருவரே மொத்தமாக வாங்கி, பஸ்ஸுக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். கைப்பட்டை கொடுக்கும் இடமாக இருந்தால் சலுகைக்குத் தனி நிறம் இருக்கிறதா என்று முதல் நாளே போனில் கேளுங்கள். இருந்தால் மறுத்து, எல்லாருக்கும் ஒரே நிறம் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூலை விடுமுறையில் போவதாக இருந்தால் கடிதம் மே மாத முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்துப் போன் போட்டு, கடிதத்தைப் படித்தவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவரிடமே மறுபடி பேசுங்கள்.